வேப்பங்குச்சியும் பல் தாதியும்



கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் என் பாட்டி, விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும்போது அடுப்புக்கரியை உப்புடன் பொடித்து விரலால் பல் துலக்குவார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. ஊரிலே வேப்பங்குச்சி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. லயத்திலோ கரியும் உமிச்சாம்பலும்தான் கிடைத்தன. அழுக்கு போகும், உண்மைதான். ஆனால் சொரசொரப்பான சாம்பல் நாளடைவில் பல்லின் மேற்பூச்சையும் தேய்த்துவிடும்.

அதைவிடப் பெரிய தீங்கு வெற்றிலைப் பையில் இருந்தது. களைப்புத் தெரியாமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய அந்தப் புகையிலை! உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வகம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைவிக்கும் என்று 1985-இல் தீர்மானித்தது. புகையிலை சேராத பாக்கும் அத்தகையதே என 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியரிடையே மிகுதியாக இருப்பதற்கு இவ்வழக்கம் ஒரு முக்கியக் காரணம். பாட்டிக்கு இதை யாரும் சொன்னதில்லை.

இனி மருத்துவத்திற்கு வருவோம். பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கத் தாதியரைப் பயிற்றும் முறையை நியூசிலாந்து 1921-இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் பயிற்சிப்பள்ளி ஏற்பட்டது. அங்குப் பயின்றவர்கள் மடக்கு நாற்காலியுடன் பள்ளிகளுக்கு வந்தார்கள். நாங்கள் பயந்து நடுங்கினாலும் சொத்தை அடைபட்டது, பல் தப்பியது.

ஆனால் அவர்கள் 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே சிகிச்சை செய்யலாம் என்பது அன்றைய விதியாக இருந்தது. பள்ளியை விட்டுப் பால் வெட்டப் போன பையனை யார் பார்ப்பது? பட்டணத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். என் தந்தையார் இலவங்கத்தைக் கடித்தே மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்க்கும் திட்டத்தை அரசாங்கம் 1972-இல் ஏற்றது. அதுவும் ஆற்றுநீரையும் கிணற்றுநீரையும் குடித்த லயங்களை எட்டவில்லை.

சென்ற தவணையில் தாதி எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். வாசலில் நின்ற தாயொருத்தி, "டீச்சர், எங்களையும் பார்ப்பாங்களா?" என்று கேட்டார். "இங்கே பிள்ளைகளுக்கு மட்டும்தாம்மா. பட்டணத்து அரசாங்கப் பல் கிளினிக்கில் பெரியவர்களையும் பார்ப்பார்கள். ஐ.சி.யை எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், வலி வருவதற்கு முன்பே" என்றேன்.