பழவேற்காடு இறாலும் ஐஸ் பெட்டியும்: சுவருக்குள் இருக்கும் வாயு மாறினால் ஐஸ் சீக்கிரம் கரைவது ஏன்?

பழவேற்காடு ஏரியில் பிடிபடும் இறால், நண்டு, மடவை எல்லாம் திருப்பாலைவனம், பொன்னேரி வழியாகத்தான் சென்னைக்கு வருகின்றன. இந்தப் பயணத்தில் மீனின் விலையைத் தீர்மானிப்பது ஐஸ். ஐஸ் கரைந்துவிட்டால் இறாலின் தலை கறுக்கும், சதை தளரும், விலை இறங்கும். அந்த ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரை. அந்த நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயுவை உலகச் சட்டங்கள் ஏற்கெனவே இரண்டு முறை மாற்றச் சொல்லிவிட்டன. மூன்றாவது மாற்றமும் நெருங்குகிறது.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பெட்டி செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்கு வரும் தலைவலி ஒன்றுதான்: புது வாயு, பழைய ரசாயனக் கலவையோடு ஒத்துப்போகுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பெட்டிச் சுவருக்குள் என்ன இருக்கிறது?

மீன் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த வெள்ளை தெர்மாகோல் பெட்டி. விலை குறைவு, ஆனால் சீக்கிரம் உடையும். இன்னொன்று, வெளியே கெட்டியான பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் ஓடும் உள்ளே பாலியூரித்தேன் நுரையும் கொண்ட பெட்டி. விலை அதிகம், பல ஆண்டு உழைக்கும்.

பாலியூரித்தேன் நுரை இரண்டு திரவங்கள் சேர்ந்து உருவாவது. ஒன்றின் பெயர் பாலியால், மற்றொன்று ஐசோசயனேட். இரண்டும் கலந்த சில நொடிகளில் சூடு கிளம்பும். பாலியாலில் முன்பே கலந்து வைத்திருக்கும் மூன்றாவது பொருள் அந்தச் சூட்டில் ஆவியாகி, கோடிக்கணக்கான குமிழிகளை ஊதிவிடும். குமிழிகள் மூடியபடியே நுரை இறுகிவிடும். ஆப்ப மாவு பொங்குவது போலத்தான், ஆனால் இங்கே எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்த மூன்றாவது பொருளுக்குப் பெயர் புளோயிங் ஏஜென்ட். தமிழில் நுரையூட்டி எனலாம். இறுகிய நுரையின் கன அளவில் 95 சதவீதத்துக்கும் மேல் வாயுதான். அதனால் வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அந்த வாயுவுடையது.

வாயு மாறினால் அவ்வளவு வித்தியாசமா?

ஒரு சின்ன கணக்கு. 60 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம் கொண்ட பெட்டி, சுவர் 4 செ.மீ கனம், வெளியே 32 டிகிரி வெயில், உள்ளே ஐஸ். நல்ல வாயு அடைபட்ட பாலியூரித்தேன் நுரை என்றால் ஒரு நாளில் சுமார் 6 கிலோ ஐஸ் கரையும். அதே நுரையில் வாயு வெளியேறி வெப்பத்தடுப்பு குறைந்துபோனால் சுமார் 8 கிலோ. தெர்மாகோல் என்றால் 9 கிலோவுக்கு மேல். மூடியைத் திறந்து மூடுவதால் ஆகும் இழப்பு இதில் சேர்க்கப்படவில்லை.

அதாவது வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளில், ஒன்று தினமும் 2 கிலோ ஐஸைக் கூடுதலாக விழுங்கும். அந்த ஐஸ் காசு மீன் விற்பவரின் பையிலிருந்துதான் போகிறது.

முதல் மாற்றம்: ஓசோன் ஓட்டை

பல பத்தாண்டுகளுக்கு இந்த நுரையை ஊதியது சி.எஃப்.சி 11 என்ற வாயு. தீப்பிடிக்காது, பாலியாலில் நன்றாகக் கரையும், வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதிலுள்ள குளோரின் வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. 1987 செப்டம்பர் 16இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. 2010க்குள் சி.எஃப்.சி வகைகளைப் பெரும்பாலும் கைவிட்டது.

ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது என்பதையும் இதே வாயு காட்டியது. வளிமண்டலத்தில் சி.எஃப்.சி 11 குறையும் வேகம் திடீரென மந்தமானதை 2018இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கூடுதல் வாயுவில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாக அடுத்த ஆண்டு தெரியவந்தது. சட்டவிரோத நுரைத் தயாரிப்பே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. பிறகு கண்காணிப்பு இறுகியதும் அளவு மீண்டும் குறைந்தது.

இரண்டாவது மாற்றம்: 2020 ஜனவரி 1

சி.எஃப்.சிக்குப் பதிலாக வந்தது எச்.சி.எஃப்.சி 141பி. ஓசோனுக்கு இதன் கேடு, பழையதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஆனாலும் கேடு கேடுதான். இந்தியா இதைத் தயாரிக்கவில்லை, முழுக்க இறக்குமதி. 2020 ஜனவரி 1 முதல் இதற்கு இறக்குமதி உரிமம் தருவதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தியது. அப்போது அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, நாட்டில் ஓசோனைக் கெடுக்கும் ரசாயனங்களின் பயன்பாட்டில் கிட்டத்தட்ட 50 சதவீதம் நுரைத் தொழிலின் இந்த ஒரே பொருள்தான். 175 நுரை நிறுவனங்கள் மாற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஃபிரிட்ஜ், குளிர்பதனக் கிடங்குப் பலகைகள் ஆகியவற்றோடு, ஐஸ் பெட்டி, சூடு தாங்கும் பாத்திரம் போன்றவையும் இந்தத் தொழிலில் அடக்கம்.

'ஒத்துப்போகவில்லை' என்றால் என்ன?

141பியை எடுத்துவிட்டு வேறொன்றை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. அது பாலியாலில் சுலபமாகக் கரைந்தது, கலவையை இளக்கி ஓடவும் வைத்தது. மாற்றுகளில் எதுவும் அதே மாதிரி நடப்பதில்லை.

சைக்ளோபென்டேன்: விலை குறைவு, புவி வெப்பமாதலுக்குப் பங்கு மிகக் குறைவு. பெரிய ஃபிரிட்ஜ் நிறுவனங்கள் இதற்குத்தான் மாறின. ஆனால் இது எண்ணெய்க் குணம் கொண்டது. பெட்டி நுரைக்கான பாலியால்களில் பல, சர்க்கரையிலிருந்து செய்யப்படும் தண்ணீர்க் குணம் கொண்டவை. சேர்த்து வைத்தால், ஆறிய மீன் குழம்பில் எண்ணெய் மேலே நிற்குமே, அந்தக் கதைதான். டிரம்மின் மேல்பகுதியில் ஒரு விகிதம், அடியில் ஒரு விகிதம். காலையில் ஊற்றிய பெட்டியும் மாலையில் ஊற்றிய பெட்டியும் ஒரே தரத்தில் இருக்காது. போதாக்குறைக்கு இது எளிதில் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமான ஆவி தரையோடு தவழும். தீப்பொறி எழாத மின்சாதனங்கள், வாயுக் கசிவை உணரும் கருவிகள், தனிக் காற்றோட்டம் எல்லாம் தேவை. சிறு கூடங்களுக்கு இது கட்டுப்படியாகாத செலவு.

தண்ணீர்: மிகவும் மலிவான நுரையூட்டி. ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு தரும். ஆனால் விலை உயர்ந்த ஐசோசயனேட் கூடுதலாகச் செலவாகும். கார்பன் டை ஆக்சைடு குமிழிச் சுவர்கள் வழியே சீக்கிரம் வெளியேறிவிடும். காற்று அதே வேகத்தில் உள்ளே வராது. அதனால் நுரை சுருங்கலாம். நாளடைவில் வெப்பத்தடுப்பும் குறையும்.

மெத்தில் ஃபார்மேட்: பாலியாலில் நன்றாகக் கரையும். ஆனால் ஈரம் பட்டால் ஃபார்மிக் அமிலமாகச் சிதையலாம். எறும்பு கடித்தால் எரியுமே, அதே அமிலம்தான். இயந்திரத்தின் இரும்புப் பாகங்கள் அரிக்கும்.

எச்.எஃப்.ஓ: புதிய தலைமுறை. ஓசோனுக்குப் பாதிப்பு இல்லை என்றே சொல்லலாம், வெப்பத்தடுப்பு அருமை. ஆனால் விலை மிக அதிகம். இதில் பரவலாகப் பயன்படும் 1233இசட்.டி என்ற வகை, கலவையிலுள்ள அமீன் வினையூக்கியோடு டிரம்முக்குள்ளேயே மெதுவாக வினைபுரிகிறது. சில மாதம் கழித்துத் திறந்தால் நுரை சரியாகப் பொங்காது. இன்னொரு சிக்கல், இது சுமார் 19 டிகிரியிலேயே கொதிக்கும். மே மாத வெயிலில் கூரைக்கடியில் கிடக்கும் டிரம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ தீர்வு?

ஒத்துப்போக வைப்பதற்குச் சில வழிகள் உண்டு.

1. பாலியாலை மாற்றுவது. எண்ணெய்க் குணம் கொண்ட பாலியாலைக் கலந்தால் சைக்ளோபென்டேன் பிரியாமல் நிற்கும். ஆமணக்கு எண்ணெயிலிருந்து கிடைக்கும் பாலியாலுக்கு இந்தக் குணம் உண்டு. உலகில் ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில்தான்.

2. இணைப்பான் சேர்ப்பது. சோப்பு எப்படி எண்ணெயையும் தண்ணீரையும் இணைக்கிறதோ, அதே வேலையைச் செய்யும் பொருள்கள் உண்டு. குமிழிகளைச் சிறிதாக, ஒரே அளவாக வைக்கும் சிலிக்கோன் சேர்மத்தையும் புது வாயுவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

3. வினையூக்கியை மாற்றுவது. எச்.எஃப்.ஓவோடு எளிதில் வினைபுரியாத அமீன்களைப் பயன்படுத்தினால் டிரம்மின் ஆயுள் கூடும்.

4. கலந்து பயன்படுத்துவது. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எச்.எஃப்.ஓ என்று சேர்த்தால் செலவும் குறையும், தரமும் ஓரளவு நிற்கும்.

சிறு தொழிற்கூடங்களால் இதையெல்லாம் சொந்தமாகச் செய்ய முடியாது. சிஸ்டம் ஹவுஸ் எனப்படும் கலவை நிறுவனங்கள் தயாரித்துத் தரும் டிரம்மைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால் டிரம்மில் எந்த நுரையூட்டி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் அவர்கள் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து என்ன?

இடைக்கால மாற்றாக வந்த எச்.எஃப்.சி வகைகள் ஓசோனைக் கெடுக்காது. ஆனால் புவியைக் கடுமையாகச் சூடாக்கும். அவற்றைக் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 2028இல் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வரும். 2032இல் 10 சதவீதம், 2037இல் 20, 2042இல் 30, 2047இல் 85 சதவீதம் என்று குறைக்க வேண்டும். ஆக, இன்று எச்.எஃப்.சி கலவையில் பெட்டி செய்பவர்கள் இன்னொரு மாற்றத்துக்குத் தயாராக வேண்டும்.

பெட்டி வாங்குபவர் கவனிக்க வேண்டியது

சுவரை எல்லாப் பக்கமும் விரலால் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் 'டொக் டொக்' என்று வெற்று ஒலி வந்தால் அங்கே நுரை நிரம்பாமல் இருக்கலாம். சுவர் உள்வாங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளின் எடையில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு பெட்டியில் எடை போட்ட ஐஸை வைத்து, மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு மீதியை எடை போடுங்கள். புதிதாக வாங்கியபோது ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், பெட்டியின் வெப்பத்தடுப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.