ஒரு பாதச்சுவடும் பல கதைகளும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறவர்களின் எதிரே எழுந்து நிற்கும் மலைக்குப் பல பெயர்கள். சிங்களவருக்கு அது சிறீபாத, சைவர்களுக்குச் சிவனொளிபாதமலை, முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 2,243 மீற்றர் உயரத்தில் இருப்பதோ பாறையில் பதிந்த ஒரே பள்ளம். அதைப் புத்தரின் பாதம் என்றும், சிவனின் பாதம் என்றும், ஆதம் (அலை) அவர்களின் பாதம் என்றும் மக்கள் கொண்டனர். போர்த்துக்கேயர் காலத்தில் புனித தோமையாரும் அந்த வரிசையில் சேர்ந்தார். அரபுக் கதைசொல்லிகள் சிந்துபாத்தின் ஆறாவது பயணத்தை இந்த மலை நாட்டோடு இணைத்தார்கள்.

1344இல் இப்னு பதூதா இங்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தி நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் துணைக்கு அனுப்பினார். மலையடியில் இலை உதிராத மரமொன்று உண்டென்றும், அதன் இலையைத் தின்றால் கிழவனும் குமரனாவான் என்றும் அவர் கேள்விப்பட்டார். அந்த இலைக்காகக் காத்துக்கிடந்த யோகிகளையும் கண்டார். இவ்வளவையும் எழுதிவிட்டு, அது பொய் என்றும் எழுதினார்.

யானைக்கன்றைக் கொன்று தின்ற பயணிகளை யானைகள் இரவில் ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றதையும், உண்ண மறுத்த ஷெய்க் ஒருவரை மட்டும் முதுகில் ஏற்றி ஊர் சேர்த்ததையும் அவரே சொல்கிறார். நடந்ததோ இல்லையோ, பசியிலும் வரம்பு மீறாதவனின் கதை அது.

நம்பாததையும் பதிந்து வைத்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லில் தள்ளியிருந்தால் அந்த மரம் நமக்குக் கிடைத்திராது.

நமது தோட்டங்களிலும் இப்படி எத்தனையோ உண்டு. தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடப்படும் கவ்வாத்துச்சாமி. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இயந்திரத்தையும் கத்தியையும் கண்டபின் இங்கே பிறந்த தெய்வங்கள் இவை. சக்கரத்தில் கை போய்விடுமோ, கத்தி காலில் படுமோ என்ற அச்சம் அவற்றுள் இருக்கிறது. எந்தத் துரையின் பதிவேட்டிலும் அந்த அச்சம் எழுதப்படவில்லை.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தார். கதைகள் இன்னும் லயங்களில் சிதறிக் கிடக்கின்றன; சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். என் மாணவர்களிடம் நான் கேட்பது இரண்டே பக்கம்: அப்பாயி சொன்னதை அப்படியே ஒரு பக்கத்தில் எழுதுங்கள், அதை நம்புகிறீர்களா, ஏன் என்பதை மறுபக்கத்தில் எழுதுங்கள். முதல் பக்கம் இல்லாமல் இரண்டாம் பக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை.