கல்விச் சுற்றுலாவும் வதிவிட முகாமும்: மாணவர் பாதுகாப்பின் வரலாறு

பள்ளி மாணவர்கள் ஆசிரியர்களின் பொறுப்பில் வீட்டைவிட்டுச் சென்று வெளியில் இரவு தங்கும் பயணங்களில் அவர்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் ஏற்பாடுகள் பற்றியது இக்கட்டுரை. கல்விச் சுற்றுலா, சாரணர் பாசறை, மாணவர் படையணி முகாம், தலைமைத்துவப் பயிற்சி, பரீட்சைக்கு முந்திய வதிவிடச் செயலமர்வு எல்லாம் இதில் அடங்கும். வாகனம், நீர்நிலை, உணவு, மருந்து, தங்குமிடம், மேற்பார்வை என்பன இதன் முதன்மைக் கூறுகள். இத்துறையின் விதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஊரில் பிள்ளைகள் இறந்த பிறகு எழுதப்பட்டவை. அந்த விதிகளை முன்கூட்டியே படித்துக் கைக்கொள்ளும் வாய்ப்பு அடுத்த ஊருக்கு உண்டு.

செட்டிபாளையமும் வாவிக்கரையும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை செல்லும் பிரதான வீதியில், குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே இருக்கிறது செட்டிபாளையம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. நிர்வாகத்தில் மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசத்தையும், கல்வியில் பட்டிருப்பு வலயத்தையும் சேர்ந்த ஊர் இது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலுமாக வாழும் குடும்பங்களுக்கு வாவியைக் கடப்பது அன்றாட வேலை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கேயும் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது.

தண்ணீரோடு வளர்ந்த பிள்ளைகள் என்பதால் இந்தக் கரையோரத்து மாணவர்களைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு துணிச்சல் உண்டு. சுற்றுலாவில் அதுவே ஆபத்தாகலாம். வாவி ஆழம் குறைந்தது, மெல்ல நகர்வது, வெதுவெதுப்பானது. மலைநாட்டு ஆறு குளிர்ந்தது, பாறை வழுக்கும், அருவிக்குக் கீழே உள்ள மடு எவ்வளவு ஆழம் என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மேலே எங்கோ மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகிவிடும். வாவியில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு மலையாற்றிலும் நீந்த வரும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தோற்றம்

கிழக்கிலங்கையில் கூட்டமாகச் சென்று வெளியில் இரவு தங்கும் வழக்கம் பள்ளிக்கூடங்களுக்கு முந்தியது. உகந்தை முருகன் கோயிலில் கூடி, குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரைக்கு எழுதாத விதிகள் பல உண்டு: முன்னால் வேல் ஏந்திச் செல்பவரை யாரும் முந்தக் கூடாது, பிள்ளைகளும் முதியவர்களும் நடுவில் வர வேண்டும், தண்ணீர் உள்ள இடத்தில்தான் தங்க வேண்டும், இருட்டுமுன் நடையை நிறுத்த வேண்டும். இன்றைய பாதுகாப்புக் கையேடுகள் கூறும் அடிப்படைகள் இவையேதான்.

பள்ளி முகாம் காலனித்துவ காலத்தில் வந்து சேர்ந்தது. 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் மாணவர் படையணி தொடங்கியது. 1907 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய பாசறை சாரணர் இயக்கத்துக்கு வித்திட்டது. 1912இல் அவ்வியக்கம் மாத்தளை வழியாக இலங்கைக்கு வந்தது. கூடாரம் அடிப்பது, தீ மூட்டுவது, முதலுதவி செய்வது, இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ஆகிய பழக்கங்களைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தவர்கள் சாரணர்களே.

உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் கிழக்கு மாகாணப் பள்ளிகளுக்குத் தொலைதூரச் சுற்றுலா அரிதாயிற்று. சோதனைச் சாவடிகளும் மூடிய வீதிகளும் ஒரு தலைமுறையை ஊருக்குள்ளேயே வைத்திருந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. நுவரெலியா, சிகிரியா, பேராதனை, தெகிவளை, யாழ்ப்பாணம் என்று பஸ்கள் புறப்பட்டன. பயணம் பெருகிய வேகத்தில் பயண அனுபவம் பெருகவில்லை. தாம் மாணவராக இருந்தபோது சுற்றுலா போயிராத ஆசிரியர் பலர் நாற்பது ஐம்பது பிள்ளைகளின் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

நீர் கற்பித்தவை

1955 மே 11ஆம் திகதி ஜப்பானின் உள்கடலில் ‘ஷியுன் மாரு’ என்ற பயணிகள் கப்பல் பனிமூட்டத்தில் மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்த 168 பேரில் 100 பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள், பெரும்பாலோர் சிறுமிகள். அந்தத் துயரத்துக்குப் பிறகே ஜப்பானியப் பள்ளிகளில் நீச்சல் குளங்களும் நீச்சல் பாடமும் பரவின. 2014 ஏப்ரல் 16இல் தென்கொரியாவின் ‘சேவொல்’ கப்பல் கவிழ்ந்தபோது மாண்ட 304 பேரில் 250 பேர் ஒரே உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள். அதன்பின் அந்த நாட்டுப் பள்ளிகளும் உயிர்காப்பு நீச்சலை வலியுறுத்தத் தொடங்கின.

இந்தியாவில் இதே பாடம் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. 2007 பெப்ரவரி 20இல் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குச் சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றிய படகு பெரியாற்றில் மூழ்கி 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தனர். 2024 ஜனவரி 18இல் குஜராத்தின் வடோதரா நகரில் ஹர்ணி ஏரியில் 12 மாணவரும் 2 ஆசிரியரும் இறந்தனர். இரண்டு படகுகளிலும் ஏற்ற வேண்டியதைவிட மிக அதிகமானோர் ஏற்றப்பட்டிருந்தார்கள். 2014 ஜூன் 8இல் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை, மேலேயுள்ள லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அடித்துச் சென்றது. நீர்மின் அணைகள் நிறைந்த மகாவலி, களனி ஆற்றுப் படுகைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இந்த நிகழ்வைத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் நெருக்கமானது. 2023 பெப்ரவரி 15இல், புதுக்கோட்டை மாவட்டத்தின் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் கால்பந்துப் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கினார்கள். நால்வர் மூழ்கினர். அன்றைய பயணத்தின் நோக்கம் விளையாட்டுப் போட்டி மட்டுமே. ஆறு இடையில் சேர்ந்தது. திட்டத்தில் இல்லாத, ‘சும்மா கொஞ்ச நேரம்’ என்று இறங்கும் இடங்களே சுற்றுலாவில் மிகவும் கொடியவை.

இலங்கையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து, பள்ளி செல்லும் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். அது சுற்றுலா அல்ல, அன்றாடப் பயணம். ஆனாலும் வாவிக் கரைகளில் பாதையில் ஏறும் ஒவ்வொரு பள்ளிக் குழுவுக்கும் பொருந்துகிறது.

உயிர்காப்பு அங்கி இருப்பது மட்டும் போதாது. பெரியவருக்கான அங்கியைத் தரம் 6 பிள்ளைக்கு மாட்டிவிட்டு, கைகளை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டியைப் பிடித்து உயர்த்திப் பார்த்தால் அது காதுவரை ஏறிவிடும். தண்ணீரிலும் அதுதான் நடக்கும். அங்கி மேலே மிதக்க, பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். இடைப்பட்டிகள் எல்லாவற்றையும் இறுக்கி, சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே செல்லும் பட்டியையும் பூட்டி, கரையிலேயே இப்படி இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் ஆகும்.

வீதியும் இரவும்

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை, நுவரெலியா மாவட்டம் நானுஓயாவுக்கு அருகே ரதெல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை ஒன்றின் மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலா பஸ் ஒரு வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியது. வேனிலும் முச்சக்கர வண்டியிலும் சென்ற ஏழு பேர் இறந்தனர். மாணவர் பலர் காயமடைந்தனர். சுற்றுலா பஸ்ஸின் பாதுகாப்பு அதற்குள் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த வீதி காட்டியது.

மட்டக்களப்புச் சமவெளியில் ஓட்டிப் பழகிய சாரதிக்கு மலையிறக்கம் வேறு வேலை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றி, எஞ்சினின் இழுவையால் வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும். எரிந்த வாடை வந்தால் வண்டியை நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கான நேரம் பயணத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

இரவுப் பயணம் மற்றோர் எதிரி. தங்குமிடச் செலவைக் குறைக்கவும் ஒரு பகலை மிச்சப்படுத்தவும் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு விடியுமுன் மலையேறுவது நம் பள்ளிகளில் பரவலான வழக்கம். 2025 மே 11 விடியற்காலையில் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் சென்றவர்கள் மாணவர்கள் அல்லர்; ஆனால் நேரமும் மலைவீதியும் நம் சுற்றுலா பஸ்களுக்கு உரியவையே. கேரளத்தில் 2022 ஒக்டோபர் 5ஆம் திகதி நள்ளிரவை நெருங்கிய வேளை, ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளிச் சுற்றுலா பஸ் வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 5 மாணவர், ஓர் ஆசிரியர் உட்பட 9 பேர் இறந்தனர். அப்போது அதன் வேகம் மணிக்கு 97 கிலோமீற்றருக்கு மேல். பள்ளிச் சுற்றுலாக்கள் இரவில் பயணிக்கக் கூடாது என்ற விதி கேரளத்தில் கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டது அதற்குப் பிறகுதான்.

சட்டம் பிறந்த இடம்

வதிவிடச் செயற்பாட்டு நிலையங்களுக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு பிரித்தானியா. 1993 மார்ச் 22இல் பிளிமத் நகரப் பள்ளியொன்றின் மாணவர்கள் லைம் குடாவில் சிறு துடுப்புப் படகுகளில் சென்றார்கள். காற்று அவர்களைக் கரையிலிருந்து விலக்கியது. படகுகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. திரும்ப வேண்டிய நேரம் கடந்த பின்னும் உதவி கோரும் அழைப்பு மிகத் தாமதமாகவே சென்றது. நால்வர் இறந்தனர். அந்தப் பயணத்தை நடத்திய செயற்பாட்டு நிலையத்தின் பாதுகாப்புக் குறைகளை அங்கே பணிபுரிந்த பயிற்றுநர்களே முன்னதாகக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறை சென்றார். 1995இல் இளையோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டிலிருந்து மலையேற்றம், நீர் விளையாட்டு, நெடுநடை, குகைப் பயணம் ஆகிய நான்கையும் சிறுவர்களுக்குக் கட்டணம் பெற்று நடத்துவோருக்கு உரிமம் கட்டாயமானது.

இலங்கையில் கல்விச் சுற்றுலா கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளின் கீழ் நடக்கிறது. அதிகாரிகளின் முன்னனுமதி, பெற்றோரின் சம்மதக் கடிதம், மாணவிகளுடன் பெண் ஆசிரியர், தகுதியுள்ள வாகனம் என்பன அடிப்படைத் தேவைகள். கோவை நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதும் பழக்கம்தான் குறை. புறப்படும் காலையில் டயரைக் குனிந்து பார்ப்பதும், சாரதி முந்திய இரவு தூங்கினாரா என்று கேட்பதும் எந்தப் படிவத்தாலும் நடக்காது.

வானிலை, உணவு, உடல்நலம்

கிழக்கில் பெருமழை பெய்வது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. ஆண்டிறுதி விடுமுறையும் இதே காலத்தில் வருகிறது. 2024 நவம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் வெள்ளத்துக்காக விடுமுறை விடப்பட்ட மதரசா மாணவர்கள் வீடு திரும்ப உழவு இயந்திரத்தில் ஏறினார்கள். காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் பாய்ந்த வெள்ளம் வண்டியை இழுத்துச் சென்றது. மாணவர் பலரும் வண்டி ஓட்டியவரும் இறந்தனர். விடுதியில் தங்கும் பிள்ளையை எப்போது அனுப்புவது, எப்போது அங்கேயே வைத்திருப்பது என்ற முடிவும் பாதுகாப்பில் சேரும்.

சிகிரியாவில் குளவி கலைந்தால் ஓடாமல், சத்தமிடாமல் அசையாது இருக்க வேண்டும் என்று அங்கே அறிவித்தல் வைத்திருக்கிறார்கள். அதைப் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்த குழுவும் பாறையடியில் கூச்சலிடும் குழுவும் ஒரே ஆபத்தை ஒரே விதமாக எதிர்கொள்வதில்லை. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் பொறுப்பாசிரியரின் கையில் இருக்க வேண்டும்; பிள்ளையின் மருந்து பஸ்ஸின் பெட்டி அறைக்குள் போகக் கூடாது. காலையில் கட்டிய சோற்றுப் பொதியை மாலையில் பிரிப்பது வயிற்றுப்போக்குக்கு நேர் வழி.

இரவுத் தங்கலில் பிள்ளைகளைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் பொறுப்பும் உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைந்த பின், அதைப் பற்றி முறையிட 1929 என்ற இலக்கம் இருக்கிறது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மூன்றையும் பிள்ளைகளே மனப்பாடமாக வைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை

ஐக்கிய நாடுகள் சபை 2021இல் ஜூலை 25ஆம் திகதியை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது. அதே ஆண்டில் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது அந்நிறுவனத்தின் முதன்மைப் பரிந்துரைகளில் ஒன்று. கடலும் வாவியும் இருபுறமும் சூழ்ந்த செட்டிபாளையம் போன்ற ஊர்களில்தான் அந்தப் பாடம் முதலில் தொடங்க வேண்டும்.

அதுவரை பொறுப்பு சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடுவோரிடமும் இருக்கிறது. பெற்றோர் அதிபரிடம் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்: பஸ் இரவில் ஓடுமா? இரண்டாவது சாரதி இருக்கிறாரா? பிள்ளைகள் எங்கே தண்ணீரில் இறங்குவார்கள், யார் பார்த்துக்கொண்டிருப்பார்? மழை வந்தால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் எந்த ஆசிரியரிடம் இருக்கிறது? தெளிவான விடை கிடைக்கும்வரை கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.