குறிஞ்சிப் பூவை அறிதல்

குறிஞ்சி என்னுஞ் சொல் நிலத்திற்கும், ஒழுக்கத்திற்கும், பண்ணிற்கும், பூவிற்கும் பெயராய் வழங்குதல் கற்றோர் அறிந்ததே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறிய 99 பூக்களுள் இதுவும் ஒன்று. சொல்லை அறிந்தார் பலர். பூவை மலைமேற் கண்டு இஃதே அது எனத் தெளிந்தார் சிலரே.

மேனாட்டுப் புலவருள் நீஸ் என்னும் செருமானியர் 1832-இல் இச்செடிக்கு நூன்முறைப் பெயரிட்டார். நம் கோயம்புத்தூரில் 1842 முதல் 1853 வரை பருத்தி ஆராய்ச்சியை நடத்திய இராபர்ட்டு வைட்டு என்பார், தென்னாட்டுச் செடிகொடிகளைத் திரட்டி, இரங்கையா, கோவிந்து என்னும் ஓவியரைக் கொண்டு எழுதுவித்து, ஈராயிரத்திற்கு மேற்பட்ட படங்களுடன் பெருநூல் வெளியிட்டார். உருவத்தை உற்றுநோக்கியே பெயரைத் துணிதல் வேண்டும் என்பது அவர்தம் முறை.

அம்முறையே நமக்கும் வேண்டுவது. என்னை? குறிஞ்சி எனப்படும் இனத்துச் செடிகள் பல. அவற்றுட் சில ஆண்டுதோறும் பூக்கும். சில வேறு கால எல்லை உடையன. பல சோலை நிழலில் வளர்வன. நீலக்குறிஞ்சியோ ஏறக்குறைய 1300 முதல் 2400 மீட்டர் உயரத்தில், வெயில் படும் புல்வெளிச் சரிவிற் கூட்டமாய் நிற்கும் குறுஞ்செடி. இலைகள் எதிரெதிராய் அமைந்து விளிம்பிற் பல்லுடையன. பூ மணிவடிவினது, நீலமும் ஊதாவும் கலந்தது. பன்னீராண்டிற்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, வித்தீன்றபின் செடி மாய்ந்துவிடும்.

இவ்வியல்பே அதற்குக் கேடுமாயிற்று. வித்து முதிருமுன் கொத்துக்களை ஒடிப்பின், பன்னீராண்டின் பயன் ஒருநாளிற் கெடும். பூவாத காலத்தே அதனை வெறும்புதர் என்று கருதித் தேயிலையும் சீகை முதலிய அயல்மரங்களும் நட்டமையால் புல்வெளிகள் பல அழிந்தன. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவிற்கு இலக்காகக்கூடியவற்றின் வரிசையிற் சேர்த்தது. ஆகவே, பூத்தபொழுது புகழ்தலினும் பூவாதபொழுது அடையாளங் காண்டலே காப்பிற்கு வழி.

பழனிமலைத் தொடரிற் கோடைக்கானலில், பொன்னம்பலம் இராமநாதரின் மனைவியாரும், மேனாட்டிற் பிறந்து சைவந் தழுவியவருமான இலீலாவதி அம்மையார் 1936-இல் எடுப்பித்த திருக்கோயிலில் முருகப்பெருமான் குறிஞ்சியாண்டவர் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியுள்ளார். ஆண்டவன் திருநாமத்திலுள்ள பூ, மலையினின்று மறைந்து ஏட்டளவில் நின்றுவிடுதல் அன்பர்க்கு அழகாமோ? 2018-இற் பூத்த சரிவுகளில் அடுத்த பூப்பு 2030-இல் எதிர்நோக்கப்படுகின்றது. அதற்குமுன் மலையேறும் அன்பர்கள் இலையைக் கண்டே செடியை அறிக, அறிந்தாரே காப்பர்.