தந்தை வழிப் பாடு: பழவேற்காட்டின் ஒரு நீருரிமை

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் வரலாறு, 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையைக் கொண்டே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. அக்கோட்டை இடிபாடாகிவிட்ட பின்னரும் ஏரியில் நிலைத்திருந்த ‘பாடு’ என்னும் மீன்பிடி முறை, தந்தைமார் தம் மக்களுக்கு எதை விட்டுச் சென்றார்கள் என்பதைக் கோட்டையைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

பாடு என்பது முகத்துவாரத்தை ஒட்டிய, இறால் மிகுந்த நீர்ப்பரப்பில் முறை வைத்து மீன்பிடிக்கும் உரிமையாகும். ஏரியில் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்பும் வழியில் கழிகளை நட்டுச் ‘சுத்து வலை’ கட்டுவார்கள். நல்ல இடங்கள் சிலவே என்பதால், எவர் எந்நாளில் எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகமே இவ்வுரிமையின் மையமாக விளங்கியது.

இவ்வுரிமை தந்தை வழியாகவே மகனுக்கு வந்தது. ஆயினும் அவன் பெற்றது விற்கவோ வேலியிடவோ கூடிய சொத்தன்று. ஊராருடன் பகிர்ந்துகொள்ள வேண்டிய ஒரு முறைநாளே அது. அந்த நாளும் தொழில் அறியாதவனுக்குப் பயன்படாது. சேற்றில் கழி எவ்வளவு இறங்கினால் நீரோட்டத்தைத் தாங்கும், அமாவாசையிலும் பௌர்ணமியிலும் வெள்ளம் எப்போது ஏறி எப்போது வற்றும், எந்தக் காற்றுக்கு இறால் எப்பக்கம் ஒதுங்கும் என்பனவற்றையெல்லாம் மகன் தந்தையுடன் ஒரே படகில் இரவு முழுவதும் உழைத்துத்தான் கற்றான். எனவே உரிமையைத் தந்தது பிறப்பென்றால், அவ்வுரிமைக்குரிய தகுதியைத் தந்தது தந்தையின் அருகிருப்பே.

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்றே கட்டுவலைச் சங்கங்களில் உறுப்பினரின் மகனுக்கே இடமளித்து, சீட்டின் மூலம் வலையிடங்களைப் பங்கிடும் வழக்கம் இருந்துள்ளது. குறைந்த வளத்தைச் சண்டையின்றிப் பகிர, குடும்ப உறவையே ஒழுங்காக மாற்றிய அறிவு இது.

இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. மகளுக்கு இதில் இடமில்லை. கையால் இறால் தடவிப் பிடிப்போரும் பிற சமூகத்தாரும் வெளியே நிறுத்தப்பட்டனர். இறாலுக்கு ஏற்றுமதி விலை கூடியபின் அவ்விலக்கே பூசல்களுக்கு வித்திட்டது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துவரும் இக்காலத்தில், பழவேற்காட்டுத் தந்தையரைப் போற்றுவதென்றால் அவர்களின் நீரறிவை மகனுக்கும் மகளுக்கும் சேர்ப்பதும், அந்த அறிவு பயன்படுவதற்கு ஏரியை உயிருடன் வைத்திருப்பதுமே ஆகும்.