அக்கா வைத்த கைநாட்டு

1987-இல், அடிபட்ட நான்காம் நாள், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசி முடித்தார்கள். வெடி ஆபீஸ் (பட்டாசு ஆலை) விட்டு ஆனைக்குட்டம் விலக்கில் இறங்கி நடந்து வந்த அக்காவை ஒரு லோடு வண்டி தட்டிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. வண்டிக்காரருக்காக வந்த பெரியவர்கள் இரண்டாயிரம் ரூபாயை எடுத்து வைத்து, "போலீசு, கோர்ட்டுன்னு அலைய முடியுமா தாயி?" என்றார்கள். கையோடு கொண்டுவந்த தாளில், அவளே கால் இடறி விழுந்ததாகவும் யார் மேலும் குறை இல்லை என்றும் எழுதியிருந்தது.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பத்தாவது முடித்திருந்த நான் வாசித்தேன், வாய் திறக்கவில்லை. மை தடவும்போது அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். நான்கு நாள் வேலைக்குப் போகாமல் கிடந்தும் நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி போகவில்லை.

பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா ஆனேன். பழைய மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் என்பது 1939 சட்டத்திலேயே இருந்திருக்கிறது. இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்க 1956 திருத்தம் வழி செய்தது. 1982 அக்டோபரிலிருந்து, தப்பு யார்மேல் என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று ஒரு பிரிவு இருந்தது. அக்கா இரண்டாயிரத்துக்குக் கைநாட்டு வைத்தபோது அந்தப் பிரிவுக்கு ஐந்து வயது. எங்கள் தெருவில் ஒருவர் காதிலும் அது விழுந்திருக்கவில்லை.

எலும்பு கோணலாகக் கூடியது. பத்து மாதம் கழித்து அம்மா ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனாள். மனுப் போட ஆறு மாதக் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிப்பார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆர். இல்லை, வண்டி நம்பர் எந்தத் தாளிலும் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் கீழே விழுந்த காயம் என்றே இருந்தது. வக்கீல் காகிதக் கட்டை மெதுவாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கெடுவை 1994-இல் எடுத்தார்கள். 2019 திருத்தம் மறுபடி கொண்டுவர, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கெடு வந்தாலும் போனாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: கணக்கு ஒரு தடவைதான் பைசலாகும். நாகப்பா வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இறுதித் தீர்ப்பாணை வந்தபின் செலவு கூடிவிட்டது என்று இன்னொரு மனுப் போட முடியாது; பின்னால் வரும் வைத்தியச் செலவையும் அப்போதே கணக்கிட வேண்டும்; அதற்காக, கேட்ட தொகையைவிடக் கூடுதலாகவும் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனாலோ மேல்முறையீடே கிடையாது. அதனால் எம்.சி.ஓ.பி. என்னும் விபத்து இழப்பீட்டு மனு எழுத யார் வந்தாலும், எலும்பில் வைத்த ஆணியை எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கிறதா என்று கேட்காமல் நான் பேனா எடுத்ததில்லை.

ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர் எழுதும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் விழும் நஷ்டம் வேறு. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகும். குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். குமாஸ்தா நான். அக்காவுக்கோ நாள் முழுக்கத் தரையில் சம்மணமிட்டு உட்காரும் வேலை. மடங்காத காலை நீட்டி, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்தபடியே இருபது வருஷம் திரி சொருகினாள். பீஸ் கணக்கில் கூலி. பக்கத்தில் இருப்பவளுக்கு ஓடுவதில் பாதிதான் அக்காவுக்கு ஓடும்.

போன பொங்கலுக்குத்தான் அந்த 7,500 விஷயத்தை அவளிடம் சொன்னேன். காலைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏய்யா, அந்தச் சட்டம் அன்னைக்கே இருந்துச்சா?"