கடன் தகவல் அறிக்கைத் திருத்தம்: இந்திய வரலாறு

புரோநோட்டுக் கடனில், கட்டிய தொகையை நோட்டின் பின்புறம் வரவு எழுதுவர். கடன் தீர்ந்ததும் கடனாளி நோட்டைத் திரும்பப் பெறுவார். வங்கிக் கடனில் தீர்ந்த கணக்கின் பதிவு மூன்றாம் தரப்பிடமும் இருக்கிறது. இந்தியாவின் முதல் கடன் தகவல் நிறுவனமான சிபில் 2000இல் தொடங்கப்பட்டது. கட்டி முடித்த கடன் அதன் அறிக்கையில் நிலுவையாகவே நின்றால், அடுத்த கடன் கிடைப்பது கடினமாகும்.

கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, அறிக்கையைப் பெறவும் பிழையைத் திருத்தக் கோரவும் கடனாளிக்கு உரிமை தந்தது. திருத்தத்துக்குக் கெடு 30 நாள். ஆனால் கடன் கொடுத்த வங்கி உறுதிசெய்த பிறகே பதிவைத் திருத்த முடியும். வங்கி தாமதித்தால் இழப்பு கடனாளிக்கே.

இக்குறையை ரிசர்வ் வங்கி படிப்படியாகக் குறைத்தது. 2017 முதல் ஆண்டுக்கொரு முழு அறிக்கை இலவசமானது. 2022 செப்டம்பரில் கடன் தகவல் நிறுவனங்கள் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்தன. பீர்க்கன்கரணை போன்ற புறநகரில் வசிப்பவரும் இணையவழியே புகார் அளிக்கலாம். 2024 ஏப்ரல் 26 முதல், புகார் 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு.

பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன் ‘செட்டில்டு’ எனப் பதிவாவது பிழையன்று. முழுதும் கட்டியவருக்கு, வங்கி தரும் நிலுவையின்மைச் சான்றே இன்று திரும்பப் பெற்ற புரோநோட்டு.